செவ்வந்திக்கு இரவு தராத விளக்கு

இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. குன்றிமணி அளவு. அதன் கீழே நாலைந்து இலைகள் மட்டும் தெரிகின்றன. மற்றதெல்லாம் இருட்டு.

அந்தப் புள்ளியை வைத்தவர் சென்னியப்பன். வைத்த நாளில் அவருக்கு அதன்மேல் அத்தனை பெருமை.

கோயம்புத்தூர் கணபதியில் இரண்டு அறைப் பட்டறை அவருடையது. இருபது வருடமாக எல்இடி விளக்குதான் தொழில். கோயில் கோபுரத்துக்குச் செய்திருக்கிறார், கோழிப்பண்ணைக்குச் செய்திருக்கிறார். மூன்று வருடமாக வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கும் செய்கிறார். வெளிச்சத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு. இருட்டைப் பற்றி அவரை யாரும் கேட்டதில்லை.

ஆடிக் காற்று ஷட்டரைத் தடதடவென்று ஆட்டிய ஒரு காலையில் கலாமணி வந்தாள். சிங்காநல்லூர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பிவிட்டது. வாசலில் விழுந்துகொண்டிருந்த வெயில் ஒரே கோடையில் இல்லாமல் போய்விட்டது. தொட்டியில் ஒரு செவ்வந்தி இருக்கிறது, அதை உள்ளே வைத்து வளர்க்க விளக்கு வேண்டும் என்றாள்.

“இது ஒண்ணாவது பூக்கோணுங்ணா.”

ஒண்ணாவது. அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

அலமாரியிலிருந்து ஊதா விளக்கை எடுத்துப் போட்டுக் காட்டினார். அவள் கை ஊதாவானது. மேசை ஊதாவானது. தெருவே வந்து எட்டிப் பார்க்கும், இது வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டு, காகிதத்தில் கட்டம் போட்டார். நாலு வெள்ளைக்கு ஒரு சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் நீலம். நீலம் இலையைத் தடிக்க வைக்கும், சிவப்பு செடியை உயரத் தள்ளும். இலைக்கு மேலே ஒரு முழம் விட்டுத் தொங்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் தோற்றார், அப்படி ஒரு விளக்கம்.

ஆவணியில் தானே போய் மாட்டினார். வீட்டின் உள்ளறை அது. சின்ன அறை. கட்டில் இல்லை, பெட்டி இல்லை, துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. நடு உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி மட்டும் தொங்கியது. ரெடிமேடாகவே கொக்கி இருக்கிறதே, துளை போடுகிற வேலை மிச்சம் என்று கேலி பேசினார். அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

காலை ஆறுக்கு எரியும், மாலை ஆறுக்கு அணையும் என்று டைமரைத் திருகி வைத்தார். ஆறுக்குப் பிறகு இந்த அறையில் யாரும் புழங்குவதில்லை, இருட்டாகத்தான் கிடக்கும் என்றாள் அவள். அதெப்படி. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஒரு அறை இருண்டு கிடக்கலாமா. அவர் வீட்டில் அறைக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப் உண்டு, விடிய விடிய எரியும். நம் வீடுகளில் முழு இருட்டில் யார் தூங்குகிறார்கள்.

மாட்டிய விளக்கைக் கழற்றினார். பட்டறைக்கு எடுத்துப் போனார். மறுநாள் விளக்கின் மூலையில் ஒரு சிவப்பைச் சேர்த்துக் கொண்டுவந்தார். வெள்ளை அணைந்ததும் சிவப்பு எரியும். விடியும்வரை எரியும். செடியும் துணையோடு தூங்கட்டும் என்றார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், அதன்பிறகு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

செடி வளர்ந்தது. புரட்டாசியில் தொட்டி தெரியாமல் வளர்ந்தது. ஐப்பசி மழை அந்தப் பக்கம் நாலு மாடிச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் கை அகல இலைக்கூட்டம். பச்சை. பச்சை. பச்சை மட்டும்.

மொட்டு இல்லை.

கார்த்திகையில் கலாமணி போன் செய்தாள். உரத்தை மாற்றச் சொன்னார். மறுபடி செய்தாள். தொட்டியை மாற்றச் சொன்னார். மார்கழி பிறந்தது. ஊரெல்லாம் செவ்வந்தி. கோலத்து நடுவில் செவ்வந்தி, பேருந்துக் கண்ணாடியில் செவ்வந்தி. மூன்றாம் முறை அவள் கூப்பிட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விளக்கில் ஒரு குறையும் இல்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

“சில பேருக்குக் கைராசி இருக்காதுங்க அம்மிணி. என்ன பண்றது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பக்கமிருந்து, “செரிங்ணா” என்று ஒரு குரல். அவ்வளவுதான். அவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

பத்து நாள் கழித்து ராயக்கோட்டையிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். பூ விவசாயி, பெயர் மாரப்பா. தோட்டத்தில் இரவில் எரிய நூறு பல்ப் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டார் சென்னியப்பன். திருடன் பயமா.

மாரப்பா சிரித்தார். செவ்வந்தி இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்குமாம். விலை இல்லாத நாளில் பூத்துத் தொலைக்கக் கூடாதென்று, இரவில் கொஞ்சம் வெளிச்சம் காட்டி ஏமாற்றி வைப்பார்களாம். பொழுது இன்னும் போகவில்லை என்று செடி நினைத்துக்கொள்ளுமாம். எல்லாத் தோட்டத்திலும் செய்வதுதானாம்.

“செவப்பா இருந்தா இன்னும் நல்லதுங்க. சின்னதா எரிஞ்சாலே மொட்டு எட்டிப் பாக்காது.”

சென்னியப்பனின் காது மடல் சுட்டது. தண்ணீர் குடித்தார். இருபது வருட வெளிச்சம் அவர் முகத்தின்மேல் மொத்தமாக எரிந்தது போல் இருந்தது.

அன்று மாலை அவர் செய்தது ஒன்றுதான். விற்காமல் இருந்த புது விளக்குகளிலும் சேர்த்திருந்த அந்தச் சிவப்பு வேண்டாம் என்று ஒயர் பற்றவைக்கிற பெண்ணிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, சும்மாதான் என்றார். பட்டறையில் இருந்த பன்னிரண்டு விளக்கிலும் சிவப்பு போயிற்று. சிங்காநல்லூரில் இருந்த ஒன்றில் போகவில்லை.

கூப்பிடலாம் என்று போனை எடுப்பார். அவள் பெயர் வரும். கீழே வைத்துவிடுவார். நாளைக்குச் சொல்லலாம். பொங்கல் போகட்டும். அடுத்த வாரம். தப்புச் செய்தது ஒரு வெட்கம். தப்பை மறைப்பது அதன்மேல் இன்னொன்று. எதைச் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த ‘செரிங்ணா’ காதில் விழுந்தது.

வீட்டில் ஜீரோ வாட்ஸ் பல்பைப் பார்க்க முடியவில்லை. அணைத்தார். இருட்டில் என்ன தேடுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை கடைசி ஞாயிறு, மத்தியானம். அவர் சிங்காநல்லூர்க் கதவைத் தட்டினார். கலாமணி திறந்தாள். உள்ளறையில் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செடி இருந்தது, அதே பச்சை. யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்டார், பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமல். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஊற்றிவிட்டுப் போகிறார்களாம்.

“நான் தொடறதில்லீங்ணா.” அவள் செடியைப் பார்க்கவில்லை. விளக்கு தொங்கிய கொக்கியைப் பார்த்தாள். “ரெண்டு தடவ வயித்துல தங்கல. தொட்டிலு கட்டோணும்னு மாட்டுன கொக்கி அது. அப்ப மாமியாளும் எனக்கு ராசியில்லைன்னுதான் சொன்னாங்க. இப்ப நீங்களும் அதத்தான் சொன்னீங்க. ரெண்டு பேருஞ் சொன்னா நெசமாத்தான இருக்கும்.”

அவர் தலை தானாகக் குனிந்தது. ரெடிமேடாகவே கொக்கி இருக்கிறதே. தன் வாயாலேயே சொன்னது. இந்த அறையில் நின்று, சிரித்துக்கொண்டு.

“உங்க கையில ஒண்ணுமில்லீங்க. என்ற வெளக்குலதான் தப்பு.” சிவப்பைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். செவ்வந்திக்கு இரவு வேண்டும், நான் இரவே கொடுக்கவில்லை, அது ஆறு மாதமாகத் தூங்கவேயில்லை என்று சொன்னார்.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்ணா?”

நேற்று என்று சொல்லலாம். நேற்று என்று சொன்னால் தப்பு மட்டும் மிஞ்சும், வெட்கம் போய்விடும். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவர் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து ஸ்டூலில் ஏறப் போனார். அவள் கையை நீட்டினாள். டேப்பை வாங்கிக்கொண்டு தானே ஏறினாள். ஒரு துண்டு கிழித்து ஒட்டினாள். அதன்மேல் இன்னொரு துண்டு. விரலால் நாலு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள். இறங்கியபின் அவர் போகலாம் என்பது போல் நின்றாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை.

மாசி போயிற்று. அவர் போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது.

பங்குனியில் ஒரு சாயங்காலம் போனில் ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. இலைகளுக்கு நடுவே ஒரு மொட்டு. அதைத் தாங்கிப் பிடித்த ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள்.

பதில் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். சந்தோஷம் என்று எழுதக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. வெளியே பொழுது இறங்கியது. பட்டறை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியாக மேசை விளக்கையும்.

முழு இருட்டு. அதில் போன் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் ஒரு மொட்டு. குன்றிமணி அளவு. பச்சை.