பாய் இல்லாத படகு

அந்த அஞ்சலட்டையில் வானம் நல்ல நீலம். அச்சகத்தில் எந்தப் புண்ணியவானோ உட்கார்ந்து பூசிய பொய். படம் எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை மிச்சிகன் ஏரி எப்படிப் பொங்கியது என்று எனக்குத் தெரியும். என் புருஷன் வீபெ அன்றைக்குத்தான் செத்தான்.

படத்தில் இருப்பது எங்கள் ஊர் உயிர்காப்பு நிலையம். வாசலில் மீட்புப் படகு, வெள்ளைச் சீருடையில் ஏழு பேர், நடுவில் மீசையும் மிடுக்குமாகக் கேப்டன் லாத்ராப். பக்கத்தில் நிற்பவன் ஏரியைக் காட்டிக் கை நீட்டுகிறான்; அவன் மணிக்கட்டைக் கேப்டன் பிடித்து அழுத்துகிறார். பின்னால் ஏரிக்குள் மணல்திட்டில் சிக்கிய கடுகளவு ஒரு படகு, கம்பத்தில் வெள்ளையாக ஏதோ. வாங்குகிறவர்கள் அதைப் பாய் என்று நினைக்கிறார்கள். எங்களுடையது எஞ்சின் படகு, பாயே கிடையாது. அது எங்கள் படுக்கை விரிப்பு. உதவி கேட்டுக் கட்டியிருக்கிறான், பாவி மனுஷன். கம்பத்தோடு கரை ஒதுங்கியபோது நான்தான் அவிழ்த்தேன்.

வீபெ செத்ததைப் பற்றிய விசாரணையில் அதிகாரி சத்தியம் செய்யச் சொல்ல, லாத்ராப் பைபிள்மேல் கை வைத்து, நிலையத்திலிருந்து எதுவும் தெரியவில்லை என்றார்.

கடைக்கு அட்டை வந்ததும் ஆரம்பித்தேன். செவ்வாய்தோறும் ஒன்று வாங்கி, "கேப்டன், இன்னுமா தெரியல?" என்று எழுதி அவருக்கே போட்டேன். தபால் நிலையத்து அடீலியா படிக்காமல் ஒரு அட்டையும் நகராது. அவள் படித்தால் ஊரே படித்த மாதிரி. தேவாலயத்தில் லாத்ராப் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போனது.

மனுஷன் கடையிலிருந்த அட்டை அத்தனையும் வாங்கி அடுப்பில் போட்டார். இப்படி விற்கிறதே என்று கடைக்காரன் இரண்டு மடங்கு வரவழைத்தான். வீபெயைப் புதைத்தபின் அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பதினோராவது வாரம் என் சமையலறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் மீன் அறுப்பதை நிறுத்தவில்லை. காப்பியும் தரவில்லை.

"என்னதாம்மா வேணும் உனக்கு? வேலைய விட்டுடறேன்."

"உங்க வேலைய யார் கேட்டா? பாத்தேன்னு எழுதுங்க. உங்க கையால, இதே அட்டையில."

"எழுதினா, எனக்கு அட்டை போடறத நிறுத்திடுவியா?"

நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

நாலாம் நாள் வந்தது. கொடுக்கும்போதே அடீலியாவின் கண் கலங்கியிருந்தது. "பாத்தேன். படம் எடுத்து முடியட்டும்னு இருந்துட்டேன்." கீழே கையெழுத்து.

படம் எடுத்து முடியட்டும். நான் அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதன்பின் அவருக்கு ஒரு அட்டையும் போடவில்லை. அவர் எழுதியதை மட்டும் கவரில் வைத்து ஒட்டி, அவரைச் சத்தியம் செய்யச் சொன்ன அந்த அதிகாரிக்கு அனுப்பினேன்.