உப்பு மாமாவும் முப்பது மீட்டர் டவரும்

கூனிமேட்டுச் சமுதாய வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் பூவிழி, தன் மாமனார் பஞ்சநாதனைப் போலவே பேசிக் காட்டுவாள். மரக்காணத்தில் சொந்த உப்பளம் வைத்திருக்கும் அவர், மகன் வீட்டுக்கு வந்தால் சாம்பாரை ஒரு வாய் வைத்ததுமே, "இது கடை உப்பு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். கல்யாணமான ஐந்து வருடத்தில் பூவிழி அவருக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. மைக்கில் சொன்னாள். அங்கே அவர் பெயர் 'உப்பு மாமா'. கோயில் சுண்டலிலும் கல்யாணப் பந்தியிலும் உப்பு மாமா குறை கண்டுபிடிக்க, கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போன் செய்தார்கள்.

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. அது ஐம்பது வாட்ஸ் நிலையம். ஆன்டெனா மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் நிகழ்ச்சி கரகரக்கும். மரக்காணம் வரை போகவே போகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நேரலையில் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"நான் லூர்துமேரி, மரக்காணம் உப்பளத்துலேர்ந்து பேசறேன். ஒரு வாரமா ரொம்ப கிளியரா கேக்குதுங்க. எங்க ஓனர் பஞ்சநாதன் ஐயா கூட வரப்புல உக்காந்து கேட்டுக்கினு இருக்காரு."

பூவிழி அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு டெக்னீஷியன் மோகனிடம் ஓடினாள்.

"வாட்ஸ் கூட்டிட்டியா?"

"அதே அம்பதுதாங்க்கா. ஆன்டெனாவ மட்டும் புது டவர்ல முப்பது மீட்டருக்கு ஏத்திட்டேன்."

டவரை அவளும் பார்த்திருந்தாள். வாட்ஸ் கூடாதவரை பயமில்லை என்று நினைத்திருந்தாள்.

"அப்ப பவரைப் பாதியாக் குறைச்சிடு."

"குறைச்சாலும் தூரம் பாதியாகாதுக்கா, கொஞ்சந்தான் குறையும். எஃப்எம் நேராப் போறது. உசரத்துலேர்ந்து விட்டா தோப்பு மறைக்காது. அந்தாண்ட உப்பளத்துல மறைக்க என்னா இருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை பஞ்சநாதன் வந்தார். சாம்பாரில் குறை சொல்லாமல் சாப்பிட்டார். பூவிழி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"ஏம்மா, அந்த உப்பு மாமா யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"சும்மா கற்பனைங்க மாமா."

"எங்கிட்டயே மறைக்கிறியா? பக்கத்து உப்பளம் சேட்டுதானே? அச்சு அசல் அவனேதான். எங்க போனாலும் குறை சொல்லிக்கினு."

பூவிழி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து மோர் ஊற்றினாள். அவர் விடவில்லை. மோருக்குக்கூட சேட்டு எப்படி முகம் சுளிப்பான் என்று செய்து காட்டினார். ஐந்து வருடமாக அவள் தினுசு தினுசாகப் பார்த்த முகம்தான் அது.

கிளம்பும்போது அவருக்கு ஒரே வருத்தம். "சேட்டு வீடு மாந்தோப்புக்குள்ள இருக்குது. ஒண்ணும் சரியா கேக்கலயாம். அவன் கேக்கலன்னா என்னா பிரயோஜனம்? டவர இன்னும் ஏத்த முடியாதா?"

முப்பது மீட்டருக்கு மேல் அனுமதியில்லை, சேட்டு வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனா கட்டினால் போதும் என்று மோகன் போனில் சொன்னான். மறுநாளே பஞ்சநாதன் ஒன்று வாங்கிப்போய், தானே ஏறிக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து, நிகழ்ச்சி முடிந்ததும் லூர்துமேரி கூப்பிட்டாள். "எங்க ஐயா தினம் சேட்டு வீட்டுலதான் காபி குடிக்கிறாரு. ரெண்டு பேரும் ரேடியோ முன்னாடி உக்காந்து, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துப் பாத்து சிரிக்கறாங்க. 'தன்னத்தான் சொல்றாங்கன்னு தெரியாம பஞ்சநாதன் சிரிக்கறான் பாரு'ன்னு சேட்டு எங்கிட்ட தனியா சொல்றாரு."

"ஐயோ, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க," என்றாள் பூவிழி.

"நான் ஏங்க சொல்றேன்? உப்பளத்துல எல்லாருக்கும் மொத நாளே தெரியும்."