அங்கே மழை இல்லை

அம்மா செத்துவிட்டாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் துஷ்யந்தி கடலைப் பற்றித்தான் கேட்டாள்.

"காத்து எப்புடிங்க முதலாளி?"

லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால்தான் அந்த ரப்பர் தோட்டத்தில் போன் எடுக்கும். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். கணுக்காலில் அட்டை ஒட்டியிருந்தது. தெரிந்தும் பிடுங்கவில்லை.

"சரியில்ல தங்கச்சி," என்றார் பேருவளையிலிருந்து ஜவ்பர். தம்பி தனுஷன் வேலை செய்யும் ஆழ்கடல் படகு அவருடையது. "தாழமுக்கம் மேற்கால நகருது. நம்மட போட்டுக்கும் கரைக்கும் நடுவுலதான் ஈக்கி. தெக்கால எறங்கி நில்லுங்கண்டு ராவே ரேடியோ செட்டுல சென்னேன். அங்க நிண்டா பயமில்ல. என்ன, வெள்ளனவே போன் எடுக்கிறீங்க?"

"அம்மா போயிட்டாங்க."

மறுபக்கம் காற்று இரைந்தது. இங்கே ரப்பர் இலை ஒன்றுகூட அசையவில்லை.

"இன்னா லில்லாஹி," என்றார் ஜவ்பர். "இப்ப நான் செட்டுல சொல்லட்டா, வேணாமா? சென்னா தம்பி அங்க நிக்க மாட்டான். போட்டு ஓட்டுற ஹஸன் நானாவும் அப்பிடித்தான். உம்மாண்டா அவருக்கு உசுரு. எஞ்சினைத் திருப்பிருவாரு. காத்துக்குள்ளால தான் வரணும். போட்டுல அஞ்சு பேரு ஈக்கிறாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி காத்து அடங்கினதுக்குப் பொறகுதான் வருவாங்க. நாலஞ்சு நாளாகும். ஒங்க வீட்டு விஷயம் தங்கச்சி. நீங்க சொல்றதுதான்."

"கொஞ்சம் பொறுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

இறங்கினாள். பாதி வழியில் நின்று அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். ரத்தம் நிற்கவில்லை. யாரைக் கேட்பது என்று யோசித்தாள்.

இது ஐப்பசி. தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடை தொடங்குமுன் கடல் சில வாரம் தட்டையாகக் கிடக்கும், சூரை மீன் கூட்டம் கூட்டமாக மேலே வரும், முதலாளிமார் எல்லாரும் படகை இறக்குவார்கள் என்று தனுஷன் சொல்லியிருக்கிறான். புயலாக முற்றும் தாழமுக்கம் பிறப்பதும் இதே வாரங்களில்தான். அதை அவன் சொல்லவில்லை. அவள் வானிலை அறிக்கை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அறிக்கை கேட்டது அம்மாவுக்காக. தங்கம்மா கடலைப் பார்த்ததே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால்வெட்டினவள். மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. மழை என்றால் அன்றைக்கு வேலை நின்றது, மழை இல்லையென்றால் எல்லாம் சரி. கடலும் அவளுக்கு அப்படித்தான். துஷ்யந்தி ரேடியோவில் கேட்டதை வந்து சொல்லத் தொடங்குவாள். காற்று மணிக்கு அறுபது கிலோமீட்டர், அலை மூன்று மீட்டர். அம்மா கையைக் காட்டி நிறுத்துவாள்.

"அதெல்லாம் விடு. மழை இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

நேற்று இரவும் கேட்டாள். நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல், சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு நடுவில் கேட்டாள். மழை இல்லை என்றுதான் அறிக்கையும் சொன்னது. துஷ்யந்தி அதை மட்டும் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விடியும்போது கை சில்லிட்டிருந்தது.

வீட்டு வாசலில் மரணாதார சங்கத்து நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் இந்திரகுமார் முந்தாநாளே வந்துவிட்டான். உடலுக்கு மருந்து ஏற்றிப் பெட்டி கொடுக்கும் மல்சாலாக்காரனோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினான்.

"சொன்னியா? கெளம்பிட்டானா?"

"செட்டு எடுக்கலையாம்."

வாயிலிருந்து அது தானாக வந்தது. வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது.

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா எடுக்கல. மறுபடி பாக்குறேன்னாரு."

நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்த தோட்டத் தலைவர் இராமசாமி நிமிர்ந்தார். "மலங்காட்டுல பொறந்த பய கடலுக்குப் போனா இப்புடித்தான். களனி ஆத்துல முட்டிக்கு மேல எறங்க மாட்டான். அவனுக்கு எதுக்குக் கடலு?"

"அதை இப்ப பேசி என்ன மாமா," என்றான் இந்திரகுமார்.

"சரி விடு. மருந்து ஏத்தினா மூணு நாளு தாங்கும்னு இவன் சொல்றான். நாலு நாளு ஆனாலும் வச்சிருப்போம். தங்கம்மா என்ன சொல்லிச்சி? எம் பொட்டிய தனுசந்தான் முன்னால நின்னு தூக்கணும்னு கோயில்ல வச்சி, ஊரே கேக்கச் சொல்லிச்சி. அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு எளையவன். அதை மாத்தலாமா?"

"மாத்த வேணாம்," என்றான் இந்திரகுமார். "அப்பாவுக்கு நான் செஞ்சேன். அம்மாவுக்கு அவன்தான். அவன் இருக்கையில நான் கொடம் தூக்கினா நாளைக்கு என்னையத்தான் பேசுவானுக."

இராமசாமி வானத்தைப் பார்த்தார். மலைக்கு மேலே துடைத்துவிட்டாற்போல் நீலம். "வெயில் பளீர்னு அடிக்குது. இந்த வெயில்ல கடல்ல என்ன இருக்கப்போவுது? ரெண்டு நாள்ல வந்துருவான் பாரு."

நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். ஆமாம் என்றார்கள். துஷ்யந்தி உள்ளே போனாள்.

உள்ளே பெண்கள் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தார்கள். சீப்பு சிக்கிய இடத்தில் ஒருத்தி மெதுவாக விரலால் பிரித்தாள், உயிரோடு இருப்பவளுக்கு வலிக்கும் என்பதுபோல. துஷ்யந்தி அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்கு உலை வைத்தாள். சீனி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். என்ன தேடினோம் என்று தெரியவில்லை. பின்கதவால் வெளியேறி மறுபடியும் மேலே ஏறினாள்.

"சொல்ல வேணாம்," என்றாள் போனில்.

"யோசிச்சிட்டீங்களா?" என்றார் ஜவ்பர். "பொறகு அவன் எண்ட மொகத்துல முழிக்க மாட்டான்."

"எம் மொகத்துலயும் முழிக்க மாட்டான். கரைக்கு வரட்டும், நானே சொல்லிக்கிறேன். வீட்டுல இருந்து போன் வந்துச்சின்னும் சொல்லிறாதீங்க."

"யார்ட்டயும் கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்று பொய் சொன்னாள்.

திரும்பியபோது தொட்டிக்குக் கீழே இந்திரகுமார் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கையை நீட்டினான்.

"போனைக் குடு. நான் பேசுறேன்."

"இப்பத்தான் பேசினேன். எடுக்கலையாம்."

"குடு."

கொடுத்தாள். அவன் தொட்டியின் மேல் ஏறி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். கடைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. அவன் பேசியது மட்டும் அவளுக்குக் கேட்டது.

"நான் தனுஷன்ட அண்ணன் பேசுறேங்க... ஆமாங்க... எதுக்கு எடுக்க மாட்டேங்குது செட்டு?"

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். காலடியில் தொட்டியின் பாசியைச் சுரண்டினான். "ஆ... ஆ..." என்றான். "அலை எவ்வளவு ஒசரம்?" என்றான். "அஞ்சு பேரும் குடும்பக்காரங்களா?" என்றான். துஷ்யந்தி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் நேற்றைய பால் உறைந்து தோலாகக் கிடந்தது.

"சரிங்க," என்றான் கடைசியில். "வேற எதுவும் வேணாங்க. தங்கச்சி சொன்ன மாதிரியே செய்ங்க."

இறங்கி வந்து போனைக் கொடுத்தான். முன்னால் நடந்தான். லயத்துக் கூரை தெரியும் வளைவில் நின்றான்.

"அம்மாவுக்கு காத்தைப் பத்தித் தெரியுமா?"

"இல்ல. மழை இருக்கான்னு மட்டும் கேக்கும்."

அவன் தலையாட்டினான். வாயைத் துடைத்துக்கொண்டான், எதையோ தின்று முடித்தவன் மாதிரி. வாசலுக்குப் போனதும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"செட்டு எடுக்கலையாம் மாமா. ஆழத்துல இருக்கானாம். எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாதாம். பொட்டிய நாளைக்கே எடுத்துருவோம்."

"என்னடா பேசுற? ஆத்தா சொன்ன சொல்லு?"

"நான் தூக்குறேன்."

"எளையவன் உசுரோட இருக்கையிலயா? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

இராமசாமி மறுபடி வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியை எடுத்து, விரித்து, மடித்து, வேறு இடத்தில் வைத்தார். "வெயில் அடிக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் இந்திரகுமார் தலையை மழித்துக்கொண்டு குடத்தைத் தோளில் சுமந்து போனான். பெண்கள் லயத்து முடுக்கோடு நின்றுவிட்டார்கள். தப்புச் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களின் கூச்சல் ஏறி வந்தது, கித்துல்கலையில் படகு விட வந்தவர்கள். துஷ்யந்தி வீட்டைக் கழுவினாள். கழுவிய இடத்தையே இன்னொரு தடவை கழுவினாள்.

அதன்பிறகு அவள் தொட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். அண்ணன் லீவை நீட்டிக்கொண்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. காற்று குறைகிறது என்று அறிக்கை சொன்ன அன்று அவனே அவளை எழுப்பினான்.

"போய்ப் பாரு," என்றான்.

பகல் முழுக்கத் தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல், மலைக்குப் பின்னால் இடி உருளத் தொடங்கிய நேரத்தில், போன் அடித்தது. தனுஷனின் நம்பர்.

"அக்கா, கரை தெரியுது. இப்பத்தான் சிக்னல் வந்துச்சி. கேக்குதா? சரியான மீன் இந்தத் தடவ. ஹஸன் நானா சிரிச்சிக்கிட்டே இருக்காரு." குரல் உடைந்து, உப்பு ஏறிக் கரகரத்தது. "நடுவுல கொஞ்சம் ஆட்டந்தான். அம்மாகிட்ட அதெல்லாம் சொல்லிறாத. ஒரு துளி மழை இல்லன்னு சொல்லு. அது போதும் அவுங்களுக்கு."

துஷ்யந்தி வாயைத் திறந்தாள்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது."

முதல் துளிகள் தொட்டித் தண்ணீரில் விழுந்தன. கீழே லயத்து வாசலில் இந்திரகுமார் மொட்டைத் தலையைக் குனிந்து, அம்மாவின் பால் வாளியைக் கூரை இறவாணத்துக்கு உள்ளே நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு, நிமிர்ந்து, தொட்டியைப் பார்த்து நின்றான்.