மூன்று பக்கமும் ஒரு படம்

எங்கள் அலுவலக மொட்டைமாடியை ஒட்டித் தினமும் மதியம் ஒரு செயற்கைக்கோள் போகும். அந்த வட்டாரத்தில் நல்ல வெயில் விழுகிற இடம் அதன் இறக்கைதான். அதில் என் ஈரப் பனியனைக் காயப்போட்டேன். பாரம் தாங்காமல் செயற்கைக்கோள் சிதறிவிட்டது.

நான் முதலில் பனியன் காய்ந்துவிட்டதா என்றுதான் பார்த்தேன். காய்ந்திருந்தது.

என்னை யாரும் திட்டவில்லை. அளவெடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். சிதறல்கள் தாங்களாகவே வந்து நடைவழியில் வரிசையாக நின்றன. இடம் போதாதபோது நடைவழி நீண்டுகொடுத்தது. ஒன்றுகூட முண்டியடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை சுலபம். சிதறலைக் கறுப்புத் துணியில் உட்காரவைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்னால், பக்கவாட்டில், மேலே என்று மூன்று படம் எடுக்க வேண்டும். மூன்று அளவையும் கூட்டி மூன்றால் வகுத்தால் அதன் சைஸ். வகுப்பது திலகவதி மேடம்.

"மேடம், உடையறப்ப இதுங்களுக்கு வலிச்சிருக்குமா?"

"லென்ஸைத் துடைச்சீங்களா?"

"துடைச்சேன். வலிச்சிருக்குமா?"

"எதால துடைச்சீங்க?"

பனியனால். சொல்லவில்லை.

மேலதிகாரி ராஜமன்னாரிடம் போனேன். அன்று அவர் மேசை விசிறியாக இருந்தார். கேட்டதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார். வலிக்கவில்லை என்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். எனக்குப் பின்னால் லீவு கேட்டு வந்தவருக்கும் அப்படியே திருப்பினார்.

திரும்பி வந்து ஒவ்வொரு சிதறலிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நான் குனிந்தால் கழுத்திலிருந்த கேமராவும் குனிந்தது. படத்தில் எல்லாமே பெரிதாக விழுந்தன.

"நீங்க வருத்தப்பட்டா சைஸ் கூடுது," என்றார் மேடம். "தள்ளி நின்னு வருத்தப்படுங்களேன்."

அடுத்து ஒரு கம்பி வந்தது. நீளம் என் கையளவு இருக்கும். அகலமும் உயரமும் பெயருக்குத்தான். பக்கவாட்டுப் படத்தில் வெறும் புள்ளி. மேடம் மூன்றையும் கூட்டி வகுத்துச் சொன்னார்.

"ரொம்பக் குறைஞ்சுட்டேனே சார்," என்றது கம்பி.

"சராசரி அப்படித்தாங்க வருது."

"பரவால்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் என்ன பண்ணினேன் என்று அதற்குத் தெரியும். நடைவழி முழுக்கத் தெரியும். கேமராவைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது சார்," என்றது. "நீளம் பூரா வலிச்சுது."