எண் பொருந்தவில்லை

பூட்டுக் கடைக்காரர் தன் நிழலையே சந்தேகப்படுகிற ஆள். ஊரே செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செயலி வேவு பார்க்கிறது என்று ஒற்றைக் காலில் நின்று, குடும்பத்தையே ரகசியச் செயலிக்கு மாற்றினார். அதில், பேசுவது அசல் ஆள்தானா என்று சரிபார்க்க, ஆளுக்கொரு அறுபது இலக்கப் பாதுகாப்பு எண். மனைவியின் எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டியும் வைத்தார்.

மனைவி போனை மாற்றினாள், அந்தப் பாதுகாப்பு எண்ணும் மாறிவிட்டது. அடுக்களையிலிருந்து, “சாப்பிட வாங்க” என்று அனுப்பினாள். “நீங்கள் யார்?” என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

கரண்டியோடு வந்து நின்றாள். “கண்ணு தெரியலையா? நான்தான்!”

அவர் பெட்டியைத் திறந்து தாளை எடுத்துப் பார்த்தார். “மூஞ்சிய வச்சு எப்படி நம்புறது? நம்பர் பொருந்தலையே.”

இருபத்திரண்டு வருட மனைவி மேசையில் அவருக்குப் பரிமாறியிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் போன் சிணுங்கியது.

“முன்பின் தெரியாதவ சமைச்சதைச் சாப்பிடாதீங்க. ஜாக்கிரதை.”