ரப்பருக்கு அடியில் கடிகாரம்

முக்குளிக்கும் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம், மீன் வெட்டும் கொட்டகையில் வேலை முடித்து வந்து, அஸ்லாக் கடிகாரங்களைப் பற்றியே படித்தான். தண்ணீரில் இறங்கியதோ நான்கு முறை. ஆனால் எது எத்தனை மீட்டர் தாங்கும், எதன் வளையம் ஒரு பக்கம் மட்டும் திரும்பும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கத்து மேசையில் மீன் வெட்டும், அதே சங்கத்தில் முக்குளிக்கும் குன்வோரிடமும் தினம் அதே பேச்சுதான்.

ரப்பர் வார் வைத்ததை உடைக்கு மேலேயே கட்டலாம், புதியவர்களுக்கு அதுதான் சரி என்று படித்த இடமெல்லாம் போட்டிருந்தது. அவன் இரும்புச் சங்கிலி வைத்த கனத்த ஒன்றை வாங்கினான். கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பார்த்தபோது அதுதான் அவனை முக்குளிப்பவனாகக் காட்டியது.

படகில் ஓட்வார் அதை வாங்கி எடை பார்த்தார். அறுபத்தாறு வயது. சங்கத்து உடைகளில் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் மணிக்கட்டு ரப்பரை ஒட்டித் தருபவர் அவர்தான்.

"முந்நூறு மீட்டரா? நாம போறது பன்னெண்டு. மிச்சத்த சுறாவுக்குக் குடுக்கப் போறியா?"

உடையின் தடித்த கைக்கு மேல் சங்கிலி எட்டவில்லை. படகிலேயே விட்டுவிட்டு வா என்றார். சரி என்ற அஸ்லாக், அவர் திரும்பியதும் அதை மணிக்கட்டு ரப்பருக்கு அடியில் செருகிக்கொண்டான்.

இறங்கிய எட்டாவது நிமிடம், ஃபியோர்டு என்னும் அந்தக் கடல்கழியின் குளிர்நீர் உடைக்குள் அக்குள்வரை ஏறிவிட்டது. ஓட்வார்தான் அவனைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். உடையைக் கழற்றும்போது கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் பைக்குள் போட்டான்.

சங்கத்து அறையில் அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஓட்வார் அந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிசல் இல்லை.

"அப்ப என் ஒட்டுதான். விரல் இப்பல்லாம் மரத்துப்போகுதுப்பா. உன்னக் கொன்னிருப்பேன்."

அஸ்லாக் கோப்பைக்குள் பார்த்தான். ஓட்வார் போனை எடுத்தார். அந்த மாதம் யார் யார் உடைக்கு ஒட்டினாரோ அந்த ஆறு பேரையும் அழைத்து, என் ஒட்டை நம்பி இறங்காதீர்கள் என்று சொன்னார். ஆறு முறையும் அதே தாழ்ந்த குரல். இந்த அழைப்பு முடியட்டும் என்று அஸ்லாக் ஒவ்வொரு முறையும் நினைத்தான். அவர் பசை டப்பாவையும் தூரிகையையும் பெட்டியில் வைத்து, இனி வேறு யாராவது பார்க்கட்டும் என்றபோதுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"ஒட்டு இல்லண்ணே. கடிகாரத்த உள்ள போட்டிருந்தேன்."

சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டில் சங்கிலித் தடம் கண்ணி கண்ணியாகப் பதிந்திருந்தது. ஓட்வார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. போனை மேசைமேல் அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஆறு பேரு. நீயே சொல்லு."

முதல் எண் குன்வோருடையது.

"என்ன ஓட்வாரண்ணே, இப்பதான பேசுனீங்க?"

"அண்ணன் இல்ல. அஸ்லாக்." நடந்ததைச் சொன்னான்.

"அந்தக் கடிகாரமா?" என்றாள்.

"ஆமா."

இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.