பலவேசத்தின் மீசையும் படப்பெட்டியும்

இப்பவெல்லாம் ஊரையே சும்மா பார்க்கலாம், இவன்கள் காசு கொடுத்து ஓட்டைக்குள் பார்க்கிறான்கள் என்று முனகிக்கொண்டே பலவேசம் வந்தார். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி வாசலில், சாப்பாட்டு நேரத்துக்கு, காசு வாங்கிப் படம் காட்டும் தனுஷ்கோடி படப்பெட்டியை இறக்கியிருந்தான்.

"இதைப் பாத்து நான் மிரண்டா மீசையை எடுத்துருதேம்லே!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, சின்ன ஓட்டையில் கண்ணை வைத்தார். உள்ளே இலங்கை எரிந்துகொண்டிருந்தது. "சுவத்துக் காலண்டரு. இம்புட்டுத்தானா?"

"பொறுங்க பெரியய்யா." தனுஷ்கோடி முன்பலகையைக் கழற்றி, அவர் தலையை உள்ளே விடச் சொல்லி, கறுப்புத் துணியால் மூடினான். வளைத்து ஒட்டிய அதே படந்தான். ஆனால் இப்போது அதற்கு ஓரமே இல்லை. இடப்பக்கம் திரும்பினாலும் தீ, வலப்பக்கம் திரும்பினாலும் தீ.

"ஏலே, ஓடுங்கலே!" தலையை வெளியே இழுத்து, தீயணைக்க வாசலில் தொங்கிய மணல்வாளியை உருவி, பெட்டிக்குள் அப்படியே கவிழ்த்தார் பலவேசம். பட்டாசுக் கம்பெனியிலேயே நரைத்த கை, யோசிக்கவில்லை.

படம் பார்க்க நின்றிருந்த கம்பெனி வேலையாள் பொன்னுத்தங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்: "பெரியய்யா, கத்தி கொண்டாரவா?"

"வெறும் காயிதம் பெரியய்யா!" என்று அழுதான் தனுஷ்கோடி.

"காயிதமா? எனக்குச் சூடு அடிச்சுதுலே! உள்ள என்னத்தையோ பத்தவச்சிருக்கான், களவாணிப்பய," என்று துண்டால் மீசையைப் பொத்திக்கொண்டு நடந்தார்.